வீட்டு வார்த்தை

எங்கள் சித்தூர்ப் பக்கத்துக் கபடியில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தில் ஒருவனுக்குப் பெரிய அடி பட்டால், அடித்தவனுக்கு என்ன தண்டனை என்று கமிட்டி சொல்லாது. அடிபட்டவன் வீட்டிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டும். தெலுங்கில் 'இண்டி மாட்ட' என்பார்கள், நாங்கள் வீட்டு வார்த்தை என்போம். சொல்லி முடித்ததும் வெற்றிலை பாக்குத் தட்டை அடித்தவன் கையில் கொடுத்துவிட வேண்டும். தட்டு கைமாறிவிட்டால் போலீஸ், கேஸ் என்று யாரும் போகக் கூடாது. சொன்ன வார்த்தையை மாற்றவும் கூடாது. சுற்றுவட்டாரத்தில் எந்தப் போட்டியிலும் அந்த வார்த்தைதான் செல்லும். நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னவள்.

என் வீட்டுக்காரர் நகரியில் பவர்லூம் ஷெட்டில் மேஸ்திரி. பண்டிகை வந்துவிட்டால் மனிதர் வேறு. கெஸ்ட் பிளேயர் என்று கூப்பிட்டு, கூலி பேசி, குப்பத்திலிருந்து வரதய்யபாளையம் வரைக்கும் ஆட அழைத்துப் போவார்கள். ரைடு போவதில் கில்லாடி. எதிர்க் கோட்டுக்குள் போய் ஒருவனைத் தொட்டுவிட்டு, பிடிக்க வருகிறவர்கள் தலைக்கு மேலே தாவித் திரும்பி வருவார். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் நான் கத்துவேன். "காலை ஒடிச்சிக்கினு வந்தீங்கன்னா நான் கஞ்சி ஊத்த மாட்டேன், ஆமா!" அவர் சிரிப்பார். "உன் கஞ்சிக்கு பயந்துகினே நான் காலை ஒடிச்சிக்க மாட்டேன்டீ."

கால் ஒடியவில்லை. கழுத்துதான் போயிற்று.

சங்கராந்திப் போட்டி. சித்தூருக்கு வெளியே ஓர் ஊர். மேடைக்கு வரும் பெரிய மனிதர்கள் ஆட்டத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமாம், அதற்காகப் பந்தலைக் கோட்டோரம் வரைக்கும் இழுத்துவிட்டார்கள். பந்தலின் இரும்புக் கம்பம் ஒன்று வலது மூலையில், எல்லைக் கோட்டுக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது. சாக்காவது சுற்றிக் கட்டுங்கள் என்று காலையிலேயே யாரோ சொன்னார்களாம். யாரும் கட்டவில்லை. பெரிய மனிதர்களும் வரவில்லை, அது தனி வயிற்றெரிச்சல்.

நான் அன்றைக்குப் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் ரைடு போய் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். மூலையில் நின்ற ஏர்பேட்டுக்காரன் ஓடி வந்து, இவர் தாவி அந்தரத்தில் இருக்கும்போது தோளால் இடித்தான். டேஷ் என்பார்கள். விதிப்படி அது தப்பில்லை. இவர் பக்கவாட்டில் பறந்து போய்க் கம்பத்தில் மோதினார். கழுத்தும் தோளும் சேருகிற இடம். விசில் ஊதி, எதிர் டீமுக்குப் பாயிண்ட் என்று அம்பயர் கை தூக்கினார். ஜனம் கைதட்டியது. இவர் எழுந்திருக்கவில்லை. அப்போதும் கொஞ்ச நேரம் கைதட்டல் நிற்கவில்லை. அந்தச் சத்தத்தை நான் மன்னிக்கப் போவதில்லை.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எலும்பு சேர்ந்துவிடும், நரம்பு நசுங்கியிருக்கிறது, வலது கை எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். "இனிமே ஆட்டம் கீட்டம்னு போனா, இன்னொரு அடி பட்டா, கழுத்துக்குக் கீழே எதுவும் வேலை செய்யாதும்மா." இவரிடமும் அதையே சொல்லியிருக்கிறார். இவர் தலையாட்டக்கூட முடியாமல் கழுத்துக் காலரோடு படுத்திருந்தார்.

ஏர்பேட்டுக்காரன் தினமும் வந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என் முகத்தைப் பார்க்க மாட்டான். இவருக்கு இட்லி ஊட்டுவான், பெட்பான் எடுப்பான். "இவனை எதுக்கு உள்ளே விடறீங்க?" என்று நான் கேட்டால், "ஆட்டத்துல அவன் வேலையை அவன் செஞ்சான். விட்ரு" என்பார் இவர். விட்ருவாம்! தறியில் இழை அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுகிற கை, இப்போது ஸ்பூனைப் பிடித்தால் நழுவுகிறது. நான் எதை விடுவது?

இவர் வீட்டுக்கு வந்த பிறகு கமிட்டி கூப்பிட்டது. கிளம்பும்போதும் இவர், "மன்னிச்சிட்டோம்னு சொல்லிட்டு வா" என்றுதான் அனுப்பினார்.

கமிட்டி பிரசிடெண்டின் அரிசி மண்டியில் பஞ்சாயத்து. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லோரும் பேசித் தீர்த்தார்கள். ஒரு பழைய ஆட்டக்காரர், "அடி படாம ஆடணும்னா கேரம் போர்டு ஆடணும். இன்னிக்கு இவனை நிறுத்தினா, நாளைக்கு எவன் பிடிக்கப் போவான்? எல்லாரும் கையைக் கட்டிக்கினு நிப்பான்" என்றார். இன்னொருவர், "அட, மனுஷன் கழுத்து போயிருக்குது, ஆயுசுக்கும் நிறுத்துங்கய்யா" என்றார். ஏர்பேட்டுக்காரனின் டீம் கோச் போனில் வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினார். "டேஷ் பண்ணுன்னு சொன்னவன் நான்தான். கம்பத்துல மோதுன்னு சொல்லலியே" என்றார். அந்த வீடியோவை நான் பார்க்க மாட்டேன் என்று திரும்பிக்கொண்டேன்.

"கம்பத்தை அங்க நட்டது யாரு? அவங்களுக்கு இன்னா தண்டனை?" என்று கேட்டேன்.

பிரசிடெண்ட் கையமர்த்தினார். "அதி கூட சூஸ்தாம்மா. அதையும் பாக்கலாம். முதல்ல பையன் விஷயம் செப்பு."

பார்க்கலாமாம். ஊரான் வீட்டுக் கழுத்துதானே! நேராக ஏர்பேட்டுக்காரனைக் கேட்டேன். "அங்க கம்பம் கீதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. யார் போய் அவன் மண்டைக்குள் பார்த்தது? அவன் தலையைக் குனிந்தபடியே சொன்னான். "தெரியும்க்கா. காலையிலர்ந்து எல்லா டீமும் அந்த மூலைக்குத்தான் தள்ளிக்கினு போச்சு. அங்க வந்தா ரைடர் பயந்து வேகத்தைக் குறைப்பான். அண்ணன் குறைக்கல."

பொய் சொல்லத் தெரியாதவன் என்று ஒரு பக்கம் மனது சொன்னது. தெரிந்தே இடித்திருக்கிறான் என்று இன்னொரு பக்கம் கொதித்தது. மன்னித்தோம் என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை.

"என் வீட்டுக்காரர் என்னைக்குக் கோட்டுக்குள்ள எறங்கி ஆடறாரோ, அன்னைக்கு இவனும் ஆடட்டும். அதுவரைக்கும் எந்த ஊர்லயும் இவன் ஆடக் கூடாது" என்றேன்.

"பலே, நியாயமான மாட்ட" என்றார் பிரசிடெண்ட். எல்லோரும் தலையாட்டினார்கள். இவர் இனி ஆடவே முடியாது என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். வெற்றிலைத் தட்டைக் கொடுத்தேன். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அந்த வருடம் அவன் போலீஸ் செலக்‌ஷனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போவதாக இருந்தான். போட்டியில் ஆடாதவனை எந்தக் கோட்டாவில் எடுப்பார்கள்?

வீட்டுக்கு வந்து உள்ளதைச் சொன்னேன். மறைக்கிற புத்தி எனக்குக் கிடையாது.

"உனக்கு ஆட்டம் தெரியாது" என்றார் இவர்.

"எனக்கு உங்க கை தெரியும்" என்றேன்.

அதற்குப் பிறகு ஏர்பேட்டுக்காரன் வராமல் இருப்பான் என்று நினைத்தேன். எங்கே! வாரம் தவறாமல் நகரிக்கு வந்து, இவரைத் திருப்பதிக்கு பிசியோவுக்கு பஸ்ஸில் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டான். இவர் கை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. டம்ளரைப் பிடித்தார். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். பார்த்தால், ஒரு நாள் சாயங்காலம் மொட்டை மாடியில் மூச்சுப் பிடித்துக் கபடி கபடி என்று சொல்லிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடுகிறார்!

"இன்னா நெனச்சிக்கினு கீறீங்க? டாக்டர் சொன்னது மறந்து போச்சா?"

"ஆடிக் கிருத்திகைக்கு ஒரு ஆட்டம். ஒரே ஒரு ரைடு. நான் எறங்கினா அவன் தப்பிச்சிக்குவான். நீ போட்ட முடிச்சு, நான்தானே அவுக்கணும்?"

அவனைக் கட்டிப்போடச் சொன்ன வார்த்தை இவரைக் கோட்டுக்குள் இழுக்கிறதே, கடவுளே! மறுநாளே அரிசி மண்டிக்கு ஓடினேன். "என் வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கறேன், அந்தப் பையன் தாராளமா ஆடட்டும்" என்றேன். பிரசிடெண்ட் தராசைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தாம்பூலம் மாறின மாட்ட மாறதும்மா. இன்னிக்கு உனக்கு மாத்தினா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

அப்படியானால் ஏர்பேட்டுக்காரன்தான் கதி. யாரை ஆயுசுக்கும் ஆட விடக் கூடாது என்று நினைத்தேனோ, அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவன் ரேணிகுண்டாப் பக்கம் செல்போன் பேக்டரியில் சேர்ந்து, அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தான். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. "இனிமே ஆடவே மாட்டேன்னு நீயா வந்து அவர்கிட்ட சொல்லுப்பா. உனக்காகத்தான் எறங்கறேங்கிறாரு. நீ வேணாம்னுட்டா நின்னுடுவாரு" என்றேன்.

அவன் என்னைச் சங்கடத்தோடு பார்த்தான். "அக்கா, வேலைக்கு சேந்தன்னைக்கே சொல்லிட்டேன். நான் ஆட்டத்தை விட்டுட்டேன், எனக்காக வேணாம்ணே, கால்ல விழறேன்னு கூட சொன்னேன். அண்ணன் கேக்கலக்கா. எனக்காகன்னா நெனச்சிக்கினு கீறீங்க?"

அவன் அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மரியாதைக்குக்கூட அதை என்னால் குடிக்க முடியவில்லை.

ஆடிக் கிருத்திகை அன்று காலையில் இவர் கிளம்பும்போது வாசலில் குறுக்கே நின்றேன். திட்டினேன், அழுதேன், தலையில் அடித்துக்கொண்டேன். "அந்தப் பையன் பேரைச் சொல்லாதீங்க. எல்லாம் தெரிஞ்சிபோச்சு. யாருக்காகப் போறீங்க?"

"நான் இனிமே ஆட மாட்டேன்னு தெரிஞ்சித்தானே அன்னைக்கு மண்டியில அப்படிச் சொன்னே?" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். "அவனுக்குப் போட்ட தண்டனையை எனக்கும் சேத்துத்தான்டீ போட்டே. நகரு."

நகர்ந்துவிட்டேன். அவரை நிறுத்த என்னிடம் வேறு வார்த்தை இல்லை. பின்னாலேயே போனேன்.

இடைவேளைக்குப் பிறகு இவரை இறக்கினார்கள். மைக்கில் இவர் பேரைச் சொன்னதும் மைதானமே எழுந்து நின்றது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். இவர் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கபடி கபடி என்று கோட்டைத் தாண்டினார். வலது கை உடம்போடு ஒட்டியிருந்தது. எதிர்ப்பக்கம் ஏழு பேர்.

அந்த ஏழு பேரும் கையைத் தொங்கவிட்டு நின்றார்கள். இவர் இடது பக்கம் போனார், அங்கே நின்றவன் ஒதுங்கினான். வலது பக்கம் போனார், அங்கேயும் ஒதுங்கி வழி விட்டார்கள். வேண்டுமென்றே மூலைக்குள் புகுந்து முதுகைக் காட்டினார். அந்த மூலை ஆட்டக்காரன் குனிந்து இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பின்னால் போய்விட்டான். ஜனம் கைதட்டியது, விசில் அடித்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. பிழைத்தார், என் மனுஷன் பிழைத்தார் என்று சத்தம் போட்டு அழுதேன்.

இவர் ஓடி வரவில்லை. மூச்சை விட்டுவிட்டு, தலையைக் குனிந்து நடந்தே கோட்டைத் தாண்டி வந்தார். யாரோ மாலை போட வந்தார்கள், தள்ளிவிட்டார். நேராக என்னிடம் வந்து தரையில் உட்கார்ந்தார். மைக்கில் இன்னும் இவர் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்தன்கூட பிடிக்க வரலடீ" என்றார். "வா, ஊட்டுக்குப் போலாம்."