தடை சொன்ன மணப்பெண்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் நடு ஆராதனையில் எழுந்து நின்று ஒரு கல்யாணத்துக்குத் தடை சொன்னேன்.

அந்தக் கல்யாணத்தில் மணப்பெண் நான்தான்.

வயது அறுபத்தேழு. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்... எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் முப்பது வருஷமாக இட்லிக் கடை நடத்துகிறேன் என்பது, வாராவாரம் நான் வாயால் சொல்லி எழுதவைக்கிற இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். கீழே கடை, மேலே வீடு. வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருஷம். சாமுவேல் என்று ஒருவர் ஆறு வருஷமாகத் தினம் காலையில் கடைக்கு வருவார். எங்களைப் போலவே கோலார் தங்கவயல்காரர், சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மனைவி தவறிய பிறகு பிரேசர் டவுனில் தனியாக இருக்கிறார். மூன்று இட்லி, காரச் சட்னி கொஞ்சம் அதிகம். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட இட்லியைக் குறை சொன்னதில்லை. அப்படிப்பட்ட ஆண்பிள்ளை கல்யாணத்துக்குக் கேட்டால் யோசிக்காமல் இருக்க முடியுமா? ஒரு மழைக்காலம் பூரா யோசித்தேன். சரி என்றேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம் என்பார் பாஸ்டர். யாரும் சொன்னதில்லை. அந்த ஓலைக்கு ஒரு ஃபாரம் உண்டு. இரண்டு பேர் விவரத்தையும் சாமுவேலே நிரப்பிக்கொண்டு வந்தார்.

"படிச்சுப் பாத்துட்டு சைன் பண்ணு, கிரேஸ்."

இங்கேதான் என் தப்பு. நான் மூன்றாம் கிளாஸ். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், நேரமாகும். கட்டிக்கொள்ளப் போகிற ஆள் முன்னால் உதட்டை அசைத்து அசைத்துப் படிப்பேனா? கண்ணாடியைப் போட்டேன். பேப்பரை மேலிருந்து கீழே ஒரு பார்வை. தலையை ஆட்டினேன். கையெழுத்துப் போட்டேன்.

முதல் ஞாயிறு வாசித்தார்கள். இரண்டாவது ஞாயிறும் வாசித்தார்கள். அன்றைக்கு எல்லோரும் போன பிறகு, நோட்டீஸ் போர்டில் குத்தியிருந்த அந்த ஃபாரத்தை நிதானமாகப் படித்தேன். பெயர் சரி. வயது சரி. தொழில் என்று போட்டு, பக்கத்தில்... இல்லை.

தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று இன்னொரு தடவை கூட்டினேன். இல்லை என்றேதான் இருந்தது.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறவளுக்குத் தொழில் இல்லையாம்.

போன் போட்டு அவரையே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் சமாதானம் சொல்வார். அவர் குரல் வேறு நன்றாக இருக்கும் – நான் கரைந்துவிடுவேன். அதனால் மூன்றாவது ஞாயிறு வரை வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்குப் பாஸ்டர் தடை உண்டா என்று கேட்டார். எழுந்தேன்.

அவர் சின்ன வயதுக்காரர். "என்ன ஆன்ட்டி, தண்ணி வேணுமா?" என்றார்.

"தண்ணி வேணாம் பாஸ்டர். தடை இருக்கு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

மணப்பெண்ணே தடை சொன்னால் என்ன செய்வது என்று அவர் படித்த இடத்தில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. ஆராதனை முடிந்ததும் எங்கள் இருவரையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"தொழில் இல்லைன்னு எழுதினது யாரு?" என்றேன்.

"கல்யாணத்துக்கு அப்புறம் கடை எதுக்கு, பிரேசர் டவுன் வந்து ரெஸ்ட் எடுக்கட்டும்னுதான் கிரேஸ்" என்றார் சாமுவேல். "உன் முட்டி வலிக்கு..."

"என் முட்டி உங்ககிட்ட வந்து சொல்லிச்சா?"

"நீ பாத்துட்டுத்தானே சைன் பண்ணே?"

பாஸ்டர் என்னைப் பார்த்தார். இப்போது என்ன சொல்வது? பொய் சொன்னால் என் மானம் தப்பும், கடை போகும்.

"எனக்கு வேகமாப் படிக்க வராது" என்றேன். இத்தனை வயதுக்கு அதை ஒருத்தர் முகத்தைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சொல்லியிருந்தா நான் படிச்சுக் காட்டியிருப்பேனே" என்றார் சாமுவேல்.

"இப்ப சொல்லிட்டேன். இதையும் கேட்டுக்குங்க. கடையை மூட மாட்டேன். கடை இருக்கிற இடத்துலதான் நான் இருப்பேன்."

"எழுபத்தொரு வயசுல என்னை வீட்டோட மாப்பிள்ளையா வரச் சொல்றியா?"

"சொல்லலை. அடுத்த ஞாயிறு வரைக்கும் ஒரு வாரம் இருக்கு. யோசிங்க."

பாஸ்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ஜெபம் பண்ணினார் என்றே வைத்துக்கொள்வோம்.

திங்கட்கிழமை சாமுவேல் கடைக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதனும் இல்லை. கடையில் வியாபாரம் குறையவில்லை. ஆனால் தினம் மூன்று இட்லி மீந்தது.

வியாழக்கிழமை வந்தார். சாப்பிட்டார், கை கழுவினார். நேராகப் பக்கவாட்டுக்குப் போய் என் வீட்டு மாடிப்படியில் ஏற ஆரம்பித்தார். பதினாறு படி, செங்குத்து. ஒன்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுலயா தினம் ஏறி இறங்குறே?"

"எட்டு தடவை."

"முட்டி?"

"வலிக்கும்."

ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி படிகளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மீதி ஏழு படியும் ஏறினார். மேலே நின்று, "பீரோவை எப்படி ஏத்துறது?" என்றார்.

அடுத்த ஞாயிறு புது ஃபாரம் எழுதினார். தொழில் – இட்லிக் கடை. நான் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தேன். முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்றார். பாஸ்டர் மறுபடி தடை உண்டா என்று கேட்டபோது சபை மொத்தமும் திரும்பி என்னைத்தான் பார்த்தது. நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

இருபது வயதில் எனக்குக் கல்யாணம் ஆனபோது என்னைக் கேட்காமலே எல்லாம் எழுதினார்கள். இப்போது கேட்டுத்தான் எழுதுகிறார்கள்... நாம்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். பட்டம் வாங்கிய பெண்களும் இதையேதான் செய்கிறார்கள் என்று கேள்வி.

மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்க வெல்டிங்காரரை வரச் சொல்லியிருக்கிறேன். இந்த முப்பது வருஷத்தில் எனக்காக அதைப் போட எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.