சாம்பார் வாளி நிற்காத ஊர்

அடையாறு பக்கம் பேர்போன ஒரு காலேஜில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொன்னேன், அதுவும் பொய். காலேஜில் இல்லை, காலேஜ் வாசலில் இருந்தேன். கேட்டுக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டு. என் படிப்பு எட்டாவதோடு சரி. எட்டாவதையே மூன்று தடவை படித்ததால் பத்தாவது என்றுதான் வெளியில் சொல்லிக்கொள்வது.

போன வாரம் மகளைக் காலேஜில் சேர்க்க வந்த ஒரு குடும்பம் என் வண்டியில் ஏறியது. ஏறினதும் அப்பா கேட்டார், "நல்ல சாப்பாடா, விலையும் ஓரளவுக்கு இருக்கற மாதிரி பக்கத்துல எங்கங்க கிடைக்கும்?" வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அந்தப் பெண் போனைப் பார்த்து, "அப்பா, இதுக்கு நாலு ஸ்டார் போட்டிருக்கு, ஆனா பொங்கல்ல நெய்யே இல்லன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு" என்றாள். எவனோ ஒருவன் போன மாசம் தின்ற பொங்கலுக்கு இன்றைக்குச் சாட்சி சொல்கிறான். நான் வாயை மூடிக்கொண்டு நாலு ஸ்டாருக்கு வண்டியை விட்டேன்.

அந்தக் கடை வாசலில்தான் அதைப் பார்த்தேன். சாம்பார் வாளி. மூக்கு நீட்டின, பித்தளைக் கைப்பிடி போட்ட பழைய பரிமாறுகிற வாளி. அதில் பிளாஸ்டிக் பூவைச் சொருகி, சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எதிரில் வண்டியை ஓரம் கட்டி, அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

போன் இல்லாத காலத்தில் வெளியூர்க்காரர்களுக்கு எல்லா ஸ்டாரும் நாங்கள்தான். பிள்ளையைப் பார்க்க வருவார்கள், பையில் முறுக்கு டப்பாவோடு கேட்டில் நிற்பார்கள், "தம்பி, எங்க சாப்பிடலாம்?" என்பார்கள். நாங்களும் முகத்தை ரொம்ப யோசிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு ஒரு கடையைச் சொல்வோம். யோசிப்பது உண்மைதான், ஆனால் அவர்களுக்காக இல்லை. ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்து இறக்கிவிட்டால், கடைக்காரர் டிரைவருக்குப் பின்பக்கம் சமையல்கட்டை ஒட்டிய பெஞ்சில் ஓசிச் சாப்பாடு போடுவார். அதற்குப் பின்வாசல் சாப்பாடு என்று பெயர். எனக்கு மீன் தின்ன ஆசை வந்தால் அன்றைக்குச் சென்னையில் நல்ல கடை மீன் கடை. ஈரல் என்றால் ஈரல் கடை.

ஒரு தடவை மயிலாப்பூர் மாமி ஒருத்தரை ஏற்றிக்கொண்டு, நாக்கு போன போக்கில் பிரியாணிக் கடை வாசலில் நிறுத்திவிட்டேன். மாமி கோபப்படவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பரவால்லடாப்பா, நீ போய் சாப்ட்டுண்டு வா. நான் வண்டிலயே ஒக்காந்துண்டு இருக்கேன்" என்றார். உள்ளே போய்ச் சாப்பிட்டேன் என்பதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

இப்படி இருந்த என்னிடம்தான் ஒரு நாள் அந்த அம்மா வந்து மாட்டினார்.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஊர். பேச்சியம்மாள் என்று பெயர். கூடவே மகன், சுடலைமுத்து, முதல் வருஷம், ஹாஸ்டலில் சேர்ந்து ரெண்டு மாசம். இருவருக்கும் நடுவில் ஒரு டிரங்குப் பெட்டி, பூட்டுப் போட்டு, கயிறும் கட்டி. பையனின் பெல்ட்டில் ஆணியால் குத்தின ரெண்டு புது ஓட்டை. அப்படியும் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை.

"தம்பி, இவனுக்கு இந்த ஊருச் சாப்பாடு ஒத்துக்கிடலயாம்" என்றார் அந்த அம்மா. "படிப்பு வேண்டாம், வந்து கூட்டிட்டுப் போன்னு காயிதம் போட்டுட்டான். சாயங்காலம் பஸ்ஸு. அதுக்கு முந்தி ஒரு வேளையாவது வயிறு நெறய வாங்கிக் குடுத்துருதேன். நல்ல கடையா, ரொம்ப வெல இல்லாம ஒண்ணு காட்டுங்க."

"ஊருக்குப் போயி இன்னா பண்ணுவான்?" என்று கேட்டேன்.

"தறிதான். வேற என்ன? எங்க தெருவுலயே காலேசுக்கு வந்த மொத ஆளு இவன். நாந்தான் படிக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னேன்" என்று சொல்லிவிட்டு அவர் ரோட்டைப் பார்த்தார். பையன் பெட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான்.

இதைக் கேட்டு என் மனசு உருகியது என்று எழுத ஆசைதான். அன்றைக்கு அடையாறு கடை ஒன்றில் வஞ்சிரம் வறுவல் என்று காலையிலேயே சேதி வந்திருந்தது. நேராக அங்கே விட்டேன். அவர்கள் முன்பக்கம், நான் பின்பக்கம். வஞ்சிரம் அருமை. ஏப்பத்தோடு வெளியே வந்தால் அந்த அம்மா முகம் செத்துப்போய் நிற்கிறார். "பாத்தியளா? கோழி கொத்துன மாதிரி கொத்திட்டு எந்திரிச்சிட்டான். இனி என்ன, பஸ் ஸ்டாண்டுக்கே விட்ருங்க தம்பி."

அப்போதுதான் லேசாக உறுத்தியது. வயிறு நிறைந்தபின் வருகிற உறுத்தல், அதற்குப் பெரிய மரியாதை கிடையாது. இருந்தாலும், "ஒரே ஒரு கடைம்மா. மயிலாப்பூர்ல. இலை போட்டு, வாளில கொண்டாந்து, கேட்டுக் கேட்டுப் போடுவாங்க" என்று வண்டியைத் திருப்பினேன். தி.நகருக்குப் போயிருக்கலாம், சாப்பாடு அங்கேயும் நன்றாக இருக்கும். ஆனால் நாம் ரசத்தில் இருக்கும்போதே அடுத்த ஆள் நம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இந்தப் பையன் நிழலுக்கே எழுந்து இடம் விடுகிற ஜாதி.

குளத்துப் பக்கத்து மெஸ்ஸில் எனக்குப் பின்வாசல் கிடையாது. அந்த அம்மா விடாமல் என்னையும் கூட உட்கார வைத்தார். அதனால்தான் பார்த்தேன். ஓசிச் சாப்பாட்டுக்காரன் முன்பக்கம் வந்தால்தானே முன்பக்கத்தில் நடப்பது தெரியும்?

பரிமாறுகிறவர் வந்தார். "சாம்பார்?" சுடலைமுத்து இலைக்கு மேல் கையை விரித்து, "போதும்ணே" என்றான். வாளி போய்விட்டது. சோறு வந்தது. "போதும்ணே." அதுவும் போய்விட்டது. கூட்டு, போதும். இதுவரைக்கும் சரி. நான் பையனின் கண்ணைப் பார்த்தேன். அது வாளியோடு அடுத்த டேபிளுக்குப் போனது, அங்கிருந்து அதற்கடுத்த டேபிளுக்குப் போனது, வாளி சமையல்கட்டுக்குள் நுழைகிற வரைக்கும் போய்விட்டு வெறும் கண்ணாகத் திரும்பி வந்தது. அந்த அம்மாவும் அப்படியே. "போதும்யா" என்கிறார், வாளியை வழியனுப்புகிறார். நடுவில் நான் ஒருத்தன், வஞ்சிரத்துக்கு மேலே, "தலைவா, இந்தாண்ட இன்னொரு கரண்டி" என்று கத்திக்கொண்டு இருக்கிறேன்.

"தம்பி, உனக்குப் பசிக்குதா இல்லியா?" என்று அவனிடம் கேட்டேன்.

அவன் இலையைப் பார்த்தான். அந்த அம்மாதான் கொஞ்சம் கோபமாகச் சொன்னார், "பசிக்காம என்ன செய்யும்? என்னய்யா ஊரு இது? ஒரு வார்த்த போதும்னா அப்படியே தூக்கிட்டுப் போயிருதான். எங்கூர்ல மொத தடவ போதும்னுதான் சொல்லுவோம். அட சும்மா சாப்பிடுங்கன்னு அவுக வைக்கணும். ரெண்டாந் தடவயும் வேண்டாம்போம். மூணாந் தடவ அவுகளே நம்ம கையத் தள்ளிட்டு வைப்பாக. கேக்க மின்ன வாங்கித் தின்னா, அலஞ்சான், சோத்துக்குச் செத்தவன்னுல்லா பேசுவாக?"

"ஹாஸ்டல்லயும் இப்படித்தானா?" என்றேன். அவன் தலையை ஆட்டினான்.

ரெண்டு மாசம்! மூன்று வேளையும் வாளி வரும், பையன் மரியாதையாகப் போதும் என்பான், அடுத்த ரெண்டு தடவைக்காகக் காத்திருப்பான். வாளிக்காரருக்கு இருநூறு பிள்ளைகள், அவர் எங்கே நின்று கெஞ்சுவார்? சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று இவன் ஊருக்கு எழுதினானே, சாப்பாடு வயிற்றுக்குப் போயிருந்தால்தானே ஒத்துக்கொள்வதும் ஒத்துக்கொள்ளாததும்?

"டேய், மெட்ராஸ்ல போதும்னா போதும்தாண்டா. இப்ப வருவாரு பாரு. இன்னொரு கரண்டின்னு சொல்லு. சொல்லிப் பாரு என்கிட்ட."

"இன்னொரு கரண்டி" என்றான் அழகாக. அந்த அம்மாவும் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ரசம் வந்தது. பையன் நிமிர்ந்தான், மூச்சை இழுத்தான், வாயைத் திறந்தான். "போதும்ணே." கையும் தானாகவே இலைக்கு மேல் வந்து நின்றது. அவனுக்கே அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா, "விடுங்க தம்பி, வளத்தது நாந்தான்" என்று இலையை மூடினார்.

வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போது மணி மூன்று. பஸ் ஸ்டாண்டுக்கு நேராகத்தான் போயிருக்க வேண்டும். பெட்டி வேறு அவர்கள் முட்டியை இடித்துக்கொண்டு இருந்தது. ஆனால் எனக்கு ஒரு ஆள் ஞாபகம் வந்தது. கேட்காமலே கோட்டூர்புரத்துக்கு விட்டேன்.

இன்றைக்குப் பெரிய நூலகம் நிற்கிறதே, அந்த ரோட்டிலிருந்து ஆற்றுப் பக்கம் உள்ளே போனால் பழைய ஹவுசிங் போர்டு குடியிருப்பு. அதில் கீழ்வீட்டில் ஸ்டெல்லா அக்கா சோறு ஆக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். போர்டு கிடையாது, பெயர் கிடையாது. அடுப்புக்கு மேலே வேளாங்கண்ணி மாதா படம், கீழே ரெண்டு பெஞ்சு. கொத்தனார், பெயிண்டர், நாங்கள், இவ்வளவுதான் கூட்டம். அங்கே பின்வாசல் சாப்பாடு செல்லாது. அதனாலேயே அந்தக் கடையை நான் யாருக்கும் சொன்னது கிடையாது.

"இன்னாடா சோம்பேறி, கடைய கழுவிவுட்ற நேரத்துக்கு வந்துகினு கீற? ஓசி சோறு அகப்படலியா?" என்றார் அக்கா.

"எனக்கு இல்லக்கா. இந்தப் பையனுக்கு."

அக்கா பையனை மேலிருந்து கீழே பார்த்தார். பெல்ட்டில் கொஞ்சம் நின்றார். தட்டை வைத்துச் சோற்றைக் கொட்டி, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினார். அடுத்த கரண்டிக்குக் குனிந்ததும் சுடலைமுத்துவின் கை வந்துவிட்டது. "போதும்க்கா."

"உன்ன யாரு நைனா கேட்டா? கைய எட்றா. மேல ஊத்திடுவேன், கொதிக்குது."

கையை எடுத்தான். ஊற்றினார்.

"போதும்க்கா."

"எனக்குப் போதல. குண்டான் காலியாவணும். உனுக்கோசரம் நான் ராத்திரிக்குத் திருப்பி சுட வெக்கணுமா?"

பையன் சாப்பிட்டான். தலையே நிமிரவில்லை. ஒவ்வொரு தடவையும் போதும் என்கிறான், அக்கா திட்டுகிறார், கரண்டி விழுகிறது. ஒரு கட்டத்தில் அவன் போதும் என்கிறதும் அக்கா திட்டுகிறதும் பாட்டும் தாளமும் மாதிரி ஆகிவிட்டது. வாசலில் நின்ற அந்த அம்மாவைப் பார்த்து அக்கா, "நீயும் குந்தும்மா" என்றார். "இல்லைங்க, இப்பத்தான்..." என்று அவர் முடிப்பதற்குள் கையில் தட்டு இருந்தது.

சாப்பிட்டு முடிக்கும்போது பஸ்ஸுக்கு நேரம் நெருங்கிவிட்டது. அந்த அம்மா மகனையும் வண்டியில் இருந்த பெட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். புறப்படலாமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. பையன் எழுந்து போய்க் கையைக் கழுவினான். சட்டையில் துடைத்துக்கொண்டே அக்காவிடம் கேட்டான், "நாளைக்கும் உண்டுமாக்கா?"

"மழ பேஞ்சாலும் உண்டு. தட்டக் கழுவி வெச்சுட்டுப் போ."

அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கருவாட்டுக் குழம்பு காரம் என்று நான் நினைத்துக்கொண்டேன், அப்படி நினைப்பதுதான் மரியாதை. பெட்டியையும் பையனையும் ஹாஸ்டலில் இறக்கிவிட்டு, அவரை மட்டும் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். "தம்பி, அந்தக்கா எம்புள்ளய என்னமா வைதா பாத்தியளா!" என்று நாலு தடவை சொன்னார். சொந்தப் பிள்ளையைத் திட்டினதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட தாயை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பையன் நாலு வருஷமும் முடித்தான். மதியானத்தில் நடந்தே கோட்டூர்புரம் வருவான். கடைசி வருஷம் வரைக்கும் போதும்க்கா என்றுதான் சொன்னான். நானும் வெளியூர்க்காரர்களை அங்கேயே கூட்டிப் போக ஆரம்பித்தேன். என் பின்வாசல் சாப்பாடெல்லாம் போயிற்று, தொப்பை மட்டும் போகவில்லை.

இப்போது அந்தப் பழைய குடியிருப்பு இல்லை. இடித்துவிட்டு உயரமாகக் கட்டியிருக்கிறார்கள், லிஃப்ட் எல்லாம் இருக்கிறது. முனையில் ஒரு சாப்பாட்டுக் கடை. வாசலில் நிற்கிற கண்ணாடிப் பலகையைத் தொட்டால் சாப்பாடு தட்டில் அளந்து வந்துவிடும். குறை சொல்ல முடியாது, சுத்தம், ருசியும் பரவாயில்லை. பிள்ளைகள் ஒரு கையில் போனோடு சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நான் ஒரு நாள் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்து எழுகிற வரைக்கும் என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஸ்டெல்லா அக்கா இப்போது மகள் வீட்டோடு செம்மஞ்சேரிப் பக்கம் இருக்கிறார். கண் பார்வை குறைந்துவிட்டதாம், அடுப்புப் பக்கம் விடுவதில்லையாம். பேரன் எழுதிக் கொடுத்த விலாசம் மூன்று வருஷமாக என் வண்டி டேஷ்போர்டில் இருக்கிறது, வெயில் பட்டு எழுத்து வெளிறிக்கொண்டு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று கிளம்புவேன், ஏதாவது ஒரு சவாரி வந்து நிற்கும். இந்த ஞாயிறு அப்படி இல்லை. நண்டு வாங்கிக்கொண்டு காலையிலேயே போய், அக்காவைக் கட்டிலில் உட்கார வைத்து, நானே ஆக்கி, அவர் எவ்வளவு திட்டினாலும்...

இருங்கள், பக்கத்து வண்டி தாஸ் கத்துகிறான். "யோவ், இன்னா கிறுக்கிகினு கீற? தாம்பரம் சவாரி நிக்குது, எடுக்கறியா, நான் எடுத்துக்கவா?"

வந்துட்டேன்டா.