காப்பிக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர்

என் மருமகள் கோமதி மயங்கிக் கிடந்தபோது நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே போய்த் தூக்கவில்லை. ஏற்காட்டு மலைமேல் குகைக்கோயிலில் இருக்கும் சேர்வராயன் ஐயனின் திருவிழாவுக்கு விரதமிருந்து கையில் காப்புக் கட்டியிருந்தேன். அவள் தீட்டில் இருந்தாள். அதனால் நின்றேன். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் ஐயன் எனக்குச் செய்ததைச் சொல்ல முடியும்.

நான் பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏற்காட்டில் கொட்டச்சேடு பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. மனைவி காலமாகிவிட்டாள். மகன் சரவணன் சுற்றுலா வேன் ஓட்டுகிறான், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். வீட்டில் நானும் கோமதியும்தான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மாதவிலக்கானால் பெண்கள் காப்பிக்கொட்டை மூட்டை போடும் அறையில் தங்க வேண்டும். என் மனைவியும் தங்கியிருக்கிறாள், அதில் எனக்கு எந்த உறுத்தலும் இருந்ததில்லை. ஆனால் கோமதிக்கு அந்த நாட்கள் முறையாக வரவில்லை. இரண்டு மாதம் வராது. வந்தால் வாரக்கணக்கில் நிற்காது. உதிரம் நிற்கும்வரை அவளும் வாரக்கணக்கில் அந்த அறையில்தான் கிடந்தாள். சோற்றை வாசலில் வைத்துவிட்டு வருவேன்.

அவள் முகம் ஊதியது. தலைமுடி கொட்டியது. பகலில் தூங்கினாள். சோம்பேறி என்றேன். எப்போதும் குளிருகிறது என்பாள். ஏற்காட்டில் யாருக்குத்தான் குளிராது என்றேன். வருடாவருடம் கரும்பலகையில் தைராய்டு சுரப்பியை வண்ணத்துப்பூச்சி மாதிரி வரைந்து காட்டியவன் நான். அது குறைவாகச் சுரந்தால் உடம்பு என்ன ஆகும் என்று பிள்ளைகளை ஒப்பிக்க வைத்தவன். இனப்பெருக்கப் பாடம் வந்தால் மட்டும், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் தள்ளிவிடுவேன். என் வீட்டிலும் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டேன்.

போன வருடம் வைகாசியில், திருவிழாவுக்கு முந்தின நாள் காலை. வைத்த சோறு அப்படியே இருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. கதவைத் தள்ளினேன். சுவரோரம் சாய்ந்து கிடந்தாள். சேலையெல்லாம் உதிரம். நான் பின்வாங்கி, பக்கத்து வீட்டுப் பாவாயியைக் கூவிக் கூப்பிட்டேன். அவள் எஸ்டேட்டில் வேலை செய்பவள், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் ஓடி வந்தாள்.

"ஏனுங்க வாத்தியாரே, கல்லாட்ட நின்னுட்டிருக்கீங்க? புள்ள கிடக்கறது தெரியலீங்களா?"

"விரதம் பாவாயி..."

"அவ செத்தா மட்டும் தீட்டு இல்லீங்களா? கால் பக்கம் புடிங்க."

பிடித்தேன். அந்தப் பாதம் பனி மாதிரி சில்லிட்டிருந்தது.

ஒரு ஜீப்பில் மலை இறங்கினோம். பாவாயி மடியில் கோமதியின் தலை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பாவாயி, "கண்ணு, கண்ணைத் தொற சாமி" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். நான் முன்னால் உட்கார்ந்து காப்பை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். "ஐயனே, நான் காப்பாற்றிய சுத்தம் எதுவும் எனக்கு வேண்டாம். இந்தப் பிள்ளையை மட்டும் விட்டுவிடு." சேலம் வரும்வரை அதையே சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். என்னுடையதை எடுங்கள் என்றேன். வயதாகிவிட்டது தாத்தா, உட்காருங்கள் என்றார்கள். வேனோடு வெளியூரில் இருந்த சரவணன் சொல்லி அவன் நண்பர்கள் வந்து கொடுத்தார்கள். மறுநாள் கோமதி கண் விழித்தாள். அன்று மலைமேல் திருவிழா. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் மலை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

பெண் மருத்துவர் என்னையும் உட்காரவைத்து விளக்கினார். தைராய்டு குறைந்துபோனதால் மாத ஓட்டத்தை நடத்தும் மற்ற ஹார்மோன்களும் நிலை தவறிவிட்டன. கருமுட்டை முறையாக வெளிவரவில்லை. கருப்பையின் உள்சுவர் தடித்து, நிற்காமல் உதிர்ந்திருக்கிறது. "ஒரு ரத்தப் பரிசோதனை முன்னாடியே பண்ணியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றார். என்னைக் குற்றம் சொல்லும் குரலில்கூட அவர் சொல்லவில்லை.

கோமதி வீட்டுக்குத் திரும்பவில்லை. ஆத்தூர்ப் பக்கம் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். "கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்ப்பா" என்றான் சரவணன். பிறகு அவனும் அங்கேயே போய்வர ஆரம்பித்தான்.

மழைக்காலம் வந்தது. மூடுபனி வாசல்வரை வந்து நிற்கும். பேச ஆள் இல்லை. ஒரு நாள் மதியம் அந்தக் கொட்டை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னல் கிடையாது. ஈரச்சாக்கு வாசனை. அங்கே இருந்தால் வீட்டில் நடப்பதெல்லாம் காதில் விழும் என்று புரிந்தது. நானும் சரவணனும் சாப்பிடுவது, டிவி பார்ப்பது, சிரிப்பது எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். எனக்குக் கேட்க அந்தச் சத்தம்கூட இல்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் காப்பித்தூள் அனுப்பினேன். நானே வறுத்து அரைத்து மாதாமாதம் பஸ்ஸில் கொடுத்துவிடுவேன். வந்தது என்று சரவணன் சொல்வான். அவள் பேசியதில்லை.

ஐப்பசியில் சரவணன் போன் செய்தான். மாத்திரை தவறாமல் போட்டும் தைராய்டு சரியாகவில்லை, மறுபடியும் உதிரப்போக்கு தொடங்கிவிட்டது, நாளைக்குச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றான். நான் மலையேறி, ஐயனின் குகைக்குள் குனிந்து போய் நின்றேன். "உயிரைக் கேட்டேன், கொடுத்தாய். இன்னும் கேட்க எனக்கு முகமில்லை. வழியையாவது காட்டு" என்றேன். மறுநாள் யாரும் கூப்பிடாமலே சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோமதி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

மருத்துவர் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதப் போனவர் நிறுத்தினார்.

"மாத்திரையை எதோட போடறீங்கம்மா?"

"காலைல எந்திரிச்சதும் காப்பியோடங்க. மாமா மலைல இருந்து அனுப்பறாருங்க."

"நல்ல காப்பியா?"

"நொம்ப நல்லா இருக்குமுங்க."

மருத்துவர் சிரித்துவிட்டார். "அதுதான் மாத்திரையை உடம்புல சேரவிடாம பண்ணுது. வெறும் வயித்துல தண்ணியோட போடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சுக் காப்பி குடிங்க, நான் தடுக்கல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரிகாரம் என்று அனுப்பியதும் அவளுக்கு எதிராகவே வேலை செய்திருக்கிறது. ஆனால் எழுதப் போன கையை நிறுத்தி அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அவள் உடம்பு தேறியது. சில மாதங்களில் அந்த நாட்கள் முறைக்கு வந்தன.

தை மாதம் இருவரும் பொங்கலுக்கு வந்தார்கள். அதற்குள் நான் கொட்டை அறைக்குப் பெரிய ஜன்னல் வைத்திருந்தேன். கோமதி அதைப் பார்த்தாள்.

"ஜன்னல் வெச்சிருக்கீங்களாட்ட இருக்குதுங்க மாமா."

"கொட்டைக்குக் காத்து வேணுமில்ல கண்ணு" என்றேன், எதையோ சொல்ல வேண்டுமென்று.

"கொட்டைக்குத்தானுங்களா?"

"தப்புப் பண்ணிட்டேன் சாமி. ஊட்டுக்குள்ள உன்னைய இனி யாரும் ஒதுக்கி வைக்க மாட்டாங்க" என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு நடு அறைக்குப் போனாள்.

மறுநாள் காலை அடுப்படியில் சத்தம் கேட்டது. "இன்னைக்கு எனக்கு அந்த நாளுங்க. தெரிஞ்சுக்கிட்டே குடிக்கறதுன்னா காப்பி வெக்கறேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "வை கண்ணு" என்றேன். அவள் மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கினாள். ஒரு மணி நேரம் நானும் காப்பி இல்லாமல் அவளோடு காத்திருந்தேன். பிறகு இரண்டு டம்ளரில் காப்பி வந்தது.

சேலத்தில் அவர்கள் வாடகை வீடு பார்த்துவிட்டார்கள். இங்கே திரும்பி வந்து இருக்கப் போவதில்லை. அதைக் கேட்கும் உரிமை எனக்கில்லை.

ஐயனை நம்பும் அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மாதக்கணக்கு தவறினால் தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள், அவன் கேட்பான். அன்றைக்கே அவளை மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள். கதவுக்கு வெளியே மட்டும் நிற்காதீர்கள்.

நான் இப்போதும் காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறேன். எனக்கு எந்த மாத்திரையும் இல்லை. அவள் காப்பி குடிக்கும் நேரம்வரை காத்திருந்துவிட்டுத்தான் என் காப்பியைக் கலக்குகிறேன்.