ஏழு உள்ளே, ஏழு வெளியே

அக்கா பின்னோக்கி நடப்பார். பழைய நகரத்தின் கல் பாவிய சந்துகளில், விருந்தினரைப் பார்த்துப் பேசிக்கொண்டே, முதுகுப் பக்கமாக. எங்கே படி, எங்கே சாக்கடை மூடி, எந்த முனையில் தள்ளுவண்டி நிற்கும் என்பதெல்லாம் அவருடைய குதிகாலுக்குத் தெரியும். வரலாற்றில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்த எனக்கு அந்த நகரத்தின் ஆண்டுகள் எல்லாம் மனப்பாடம். முதல் வாரமே அவரைப் போல நடக்கப் பார்த்து ஒரு கடை வாசல் பூச்சட்டியில் உட்கார்ந்தேன். "தம்பி, படிச்ச படிப்புக்கு கொஞ்சம் நல்ல இடமா பாத்து உக்காந்திருக்கலாம்" என்றார், விருந்தினர் முன்னாலேயே.

எங்களுடையது சின்னத் தொழில். ஒரு குடும்பம், ஒரு வேன், ஒரு வழிகாட்டி. முன்பின் தெரியாதவர்களைச் சேர்த்துக் கூட்டமாகக் கூட்டிப்போவதில்லை. அக்கா பேசுவார், அவருடைய கணவர் வேன் ஓட்டுவார், முன்பதிவு என் வேலை. அக்காவின் கணவரை நான் மாமா என்பேன். வாய் ஓயாதவர். விடுதி வாசலில் யாராவது தாமதித்தால், "மேல ராணி இன்னும் முழிக்கலையா?" என்று கேட்பார். ராணி செத்து முந்நூறு வருஷம் ஆகிறது என்று நான் சொன்னால், "அதான் இவ்வளவு நேரம்" என்பார்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் அக்கா தலை எண்ணுவார். எல்லா வழிகாட்டிகளும் எண்ணுவார்கள்தான். ஆனால் நாலு பேர் வந்தால் நாலு என்று எண்ணி முடித்த பிறகும் அக்கா இன்னொரு முறை எண்ணுவார். முகம் வெளுக்க, உதடு அசையாமல், மூன்றாவது முறையும். சீட்டுக் கொடுக்கும் இடத்தில் மற்ற வழிகாட்டிகள் அவருக்குத் தலையெண்ணி என்று பெயர் வைத்திருந்தார்கள். "வீட்ல நாங்க ரெண்டே பேரு" என்பார் மாமா. "அதையும் எண்ணிட்டுத்தான் விளக்க அணைப்பா."

ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"எண்ணினா ஒண்ணு கூட வருது தம்பி" என்றார்.

"எந்தத் தலைக்கா கூடுதல்?"

"அது தெரிஞ்சா நிம்மதியா இருப்பேனே."

அன்று அவர் அதற்கு மேல் சொல்லவில்லை. பிறகு சொன்னதை உங்களுக்கு முன்னாடியே சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்த மனுஷியைப் பற்றி எழுதி ஒரு பயனும் இல்லை.

நகரத்துக்கு அடியில் ஒரு பழைய நீர்த்தொட்டி இருக்கிறது. தொட்டி என்றால் சின்னதாக நினைக்க வேண்டாம். நாற்பத்தெட்டு படி இறங்கினால் வரிசை வரிசையாகக் கல்தூண்கள், கணுக்கால் அளவு கறுத்த தண்ணீர், அதற்கு மேலே மரப்பலகை நடைபாதை. ஒரு வார்த்தை சொன்னால் அது தூண் தூணாகப் போய்விட்டு, வேறு யாரோ சொன்னது மாதிரி திரும்பி வரும். விளக்கு சுவிட்ச் மேலே, இரும்புக் கதவுக்கு வெளியே. வாசலில் காவல்காரரிடம் ஒரு நோட்டு. உள்ளே போகும்போது வழிகாட்டி அதில் எத்தனை பேர் என்று எழுத வேண்டும். வெளியே வந்ததும் எத்தனை பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு எண்ணும் ஒன்றானால் காவல்காரர் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டுவார். இறங்கிப் பார்ப்பதில்லை. நோட்டு இருக்கும்போது எதற்கு என்பதுதான் வழக்கம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அக்கா பொதுக் கூட்டங்களை அழைத்துப் போய்க்கொண்டிருந்த காலம். அன்று ஏழு பேர், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். தொட்டியைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தார்கள். இருட்டிலிருந்து நடுப்பகல் வெயிலுக்கு வந்த கண். முற்றத்தில் எல்லாத் தலையும் கறுப்பாகத் தெரிந்தது. அக்கா எண்ணினார், ஏழு. எழுதினார், ஏழு. கதவு பூட்டப்பட்டது.

அந்த ஏழில் ஒருவர் ஓசிக்காது. காசு கொடுக்காமல் கூட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கதை கேட்பவர்களை எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். முற்றத்தில் சும்மா நின்றிருந்த யாரோ ஒருவர், அக்கா பேசுவதைக் கேட்கக் கூட்டத்தோடு கலந்துவிட்டார். உண்மையான ஏழாவது ஆள் கீழே ஒரு தூணுக்குப் பின்னால் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்.

எங்கள் ஊரில் ஆடு எண்ணுகிறவன் மந்தையாக நிற்கும்போது எண்ண மாட்டான். பட்டி வாசலில் ஒவ்வொன்றாக விட்டு, தொடையைத் தொட்டுத் தொட்டு எண்ணுவான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவனுக்குத் தெரிந்த விஷயம். நாலு மொழி பேசும் அக்காவுக்கு அன்று தோன்றவில்லை.

கடைத்தெரு வழியாக நடந்து வேனுக்கு வந்தபோதுதான் மாமா சொன்னார், ஒரு சீட் காலி என்று. ஓசிக்காது கடைத்தெருவில் எங்கோ கழன்றுகொண்டது யாருக்கும் தெரியாது. தொட்டியில் எண்ணிக்கை சரியாக இருந்ததால், ஆள் கடைத்தெருவில்தான் தொலைந்திருக்கிறார் என்று மூன்று மணி நேரம் கடை கடையாகத் தேடினார்கள். நாலு மணிக்கு அடுத்த கூட்டம் தொட்டிக்குள் இறங்கியது. அவர் கடைசிப் படியில், தலையைக் கதவுப் பக்கம் வைத்துக் கிடந்தார். மாரடைப்பு.

விசாரணையில் நோட்டைப் பார்த்தார்கள். ஏழு உள்ளே, ஏழு வெளியே. அப்படியானால் அவர் வெளியே வந்த பிறகு, பூட்டுவதற்குள், தானாகத் திரும்பிப் போயிருக்கிறார் என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அக்காவும் அப்படித்தான் நம்பினார், ஒரு வாரம். அடுத்த வாரம் அந்தக் கூட்டத்தில் வந்த ஒரு பெண், முற்றத்தில் தன்னையும் சேர்த்து எடுத்த படத்தை அனுப்பினாள். ஏழு பேர். ஆறு முகம் தெரிந்த முகம். ஏழாவது ஆள் தொப்பி போட்டு முதுகு காட்டி நிற்கிறான்.

மாமாவிடம் மட்டும் காட்டினார். "அழிச்சிடு" என்றார் மாமா. "உரிமம் போயிடும். நம்ம ரெண்டு பேருக்கும் இத விட்டா வேற என்ன தெரியும்?" அக்கா அழித்தார். அதற்குப் பிறகுதான் எண்ணும்போதெல்லாம் ஒன்று கூடுதலாக வர ஆரம்பித்தது.

இந்த வருஷம் மழை விட்ட பிறகு எனக்கு ஒரு முன்பதிவு வந்தது. ஒரே ஆள், அரை நாள். கோட்டை வேண்டாம், அரண்மனை வேண்டாம், நீர்த்தொட்டி மட்டும் போதும். இப்போது தொட்டிக்குள் வழிகாட்டி முன்னாலும் இன்னொருவர் கடைசியிலும் போக வேண்டும், நோட்டில் அவர்களையும் சேர்த்து எழுத வேண்டும் என்று விதி. அதனால் டார்ச்சோடு நானும் போனேன்.

வந்தவள் பல் டாக்டர், முப்பது வயதிருக்கும். வேனில் ஏறியதும் மாமா, "எனக்கு ஒரு கடவாப்பல் ஆடுது டாக்டர், கதை சொல்லியே புடுங்கிருவீங்களா?" என்று ஆரம்பித்தார். அவள் சிரித்தாள். தொட்டி வாசலில் இறங்கியதும் சிரிப்பு போய்விட்டது.

"அக்கா, ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இதுக்குள்ள ஒருத்தர் செத்துப்போனாரே, தெரியுமா?"

அக்கா நோட்டில் எழுதப் போன கையை நிறுத்தினார். "தெரியும்."

"எங்கப்பா. எங்க கிடந்தாருன்னு பாக்கணும். அவ்வளவுதான்." பிறகு, "அன்னிக்குக் கூட்டிட்டுப் போன கைடு யாருன்னு கேட்டா ஆபீஸ்ல சொல்ல மாட்டேங்கறாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

வேன் கதவருகே நின்ற மாமா அக்காவைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

"வாங்க, படி வழுக்கும்" என்றார் அக்கா.

இறங்கினோம். அக்கா அன்று வழக்கமான கதை எதையும் சொல்லவில்லை. பலகை கிறீச்சிடுவதும் எங்கோ தண்ணீர் சொட்டுவதும்தான் கேட்டது. கடைசிப் படிக்கு வந்ததும் டாக்டர் உட்கார்ந்து அந்தக் கல்லைக் கையால் தடவினாள், பல்லில் விரிசல் தேடுகிற மாதிரி.

"ஒண்ணுதான்க்கா புரியல. எங்கப்பாவுக்கு இருட்டுன்னா பயம். குளியலறை விளக்கக்கூட அணைக்க விடமாட்டாரு. கரண்டு போனா, 'ஏய் எங்க இருக்க'ன்னு அம்மா பேரச் சொல்லி வீடே அதிரும். அந்த மனுஷன் வெளிய வந்துட்டு, தனியா, எதுக்கு மறுபடி இங்க வந்தாரு?"

வந்தாரு, வந்தாரு என்று தூண்கள் சொன்னன.

அக்கா திரும்பினார். எங்கள் இருவரையும் பார்த்தார். அவர் விரல் அசைவதை டார்ச் வெளிச்சத்தில் கண்டேன். ஒன்று, இரண்டு. பிறகு விரல் டாக்டருக்குப் பக்கத்தில், படியில் யாரும் இல்லாத இடத்தில், ஒரு கணம் நின்றது. எனக்கு முதுகில் ஈரத்துணி போட்ட மாதிரி இருந்தது.

"மேல போகலாம்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்.

முற்றத்தில் காவல்காரர் நோட்டை நீட்டினார். புதுப் பையன், பழைய கதை தெரியாதவன். "மூணுதானக்கா? போட்டுருங்க, பூட்டணும்."

அக்கா பேனாவை நோட்டின் மேல் வைத்தார். எழுத வரவில்லை.

"என்னம்மா, நேரமாச்சு" என்று மாமா வேகமாக வந்தார். "டாக்டருக்கு ரயிலு இருக்குல்ல, கெளம்பலாம்."

"எனக்கு ரயில் இல்லையே" என்றாள் டாக்டர்.

"டாக்டர்" என்றார் அக்கா. "உங்கப்பா திரும்பி வரல."

"என்ன?"

"அவர் வெளியவே வரல. கூட்டிட்டு வந்த கைடு நான்தான். இங்க நின்ன வேற ஒருத்தன உங்கப்பான்னு எண்ணிட்டேன். ஏழுன்னு எழுதினேன். பூட்டிட்டாங்க."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். நான் டார்ச்சை அணைக்கக்கூட மறந்து நின்றேன்.

டாக்டர் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் போனை எடுத்தாள். இரண்டு முறை தவறாக அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டு அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எங்கம்மா. எங்கிட்ட சொன்னத அப்படியே சொல்லுங்க."

அக்கா சொன்னார். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. படம் வந்ததையும் அழித்ததையும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு யாரோ அதை மூடினார்கள்.

"அப்ப அவர் தானா போகல" என்றது வயதான குரல்.

"இல்லம்மா."

"நான் தெனம் திட்டறேனே. ஒன்பது வருஷமா. காலையில எந்திரிச்சதும் படத்துக்கு முன்னாடி நின்னு திட்டுவேன். அறிவு கெட்ட மனுஷா, என்னை விட்டுட்டு அங்க எதத் தேடிப் போனேன்னு." குரல் தணிந்தது. "கதவச் சாத்தற சத்தம் அவருக்குக் கேட்டிருக்குமா?"

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"கேட்டிருக்கும்மா" என்றார் அக்கா. "படி வரைக்கும் வந்திருக்காரு."

"கூப்பிட்டிருப்பாரு" என்றது குரல். "என்னைத்தான் கூப்பிட்டிருப்பாரு." இணைப்பு அறுந்தது.

டாக்டர் அழுது முடிக்கும் வரை யாரும் அசையவில்லை. காவல்கார இளைஞன் மட்டும் கதவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, படி இறங்கி, கடைசித் தூண் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அப்புறம்தான் பூட்டினான்.

"எனக்கு இத எழுதிக் குடுக்கணும்" என்றாள் டாக்டர். "அந்தக் கோப்புல எங்கப்பா முட்டாளாவே இருக்காரு. அது மாறணும்."

"குடு" என்று மாமா அக்காவின் கையிலிருந்து பேனாவை வாங்கப் போனார். "யோசிச்சு எழுதலாம். வீட்டுக்குப் போயி, நிதானமா..."

"ஒன்பது வருஷம் நிதானமாத்தானங்க இருந்தோம்" என்றார் அக்கா.

நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, சீட்டுக் கொடுக்கும் ஜன்னலின் பலகையில் வைத்து எழுதினார். நல்ல கையெழுத்து அவருக்கு. பெயர் எழுதினார், தேதி எழுதினார், கையெழுத்துப் போட்டார். மடிக்கப் போனபோது மாமா அந்தத் தாளை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, முதல் வரியிலிருந்து மெதுவாகப் படித்தார். அதைக் கிழிக்கத்தான் வாங்கினார் என்று எனக்குப் பட்டது.

தாளைத் திரும்பப் பலகையில் வைத்து நீவிவிட்டார்.

"உரிம எண் போடல. வெறும் பேர வெச்சு எவன் நம்புவான்?" என்றார். அக்கா பேனாவைத் திறக்கும் வரை காத்திருந்து, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்.