யாரும் எடுத்துப் போகாத புத்தகங்கள்

ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நான் நூலகர். ஆய்வுக்குழு வரப்போகிறது என்று தெரிந்ததும் முதல்வர் ஒரு விதி போட்டார். பல வருடங்களாக யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாத புத்தகங்களையெல்லாம் கழித்துவிட வேண்டுமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பார்ட் டைம் டிப்ளமோ பையன்கள் கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவர்கள். ஒருவன் எழுந்து வேலைக்குப் போனால் அதே பாயில் இன்னொருவன் வந்து படுக்கும் அறைகள். அங்கே புத்தகம் வைக்க ஏது இடம்? அதனால் நூலகத்திலேயே உட்கார்ந்து, தமிழும் கன்னடமும் தெலுங்குமாகப் பேசிக்கொண்டு படிப்பார்கள். தகடு வெட்டும் அச்சுகளைப் பற்றிய பிரஸ் டூல் புத்தகங்களின் ஓரமெல்லாம் கிரீஸ் கறை. வீட்டுக்கு எடுத்துப் போகும்போது பின்பக்கத் தாளில் குத்துகிற தேதி முத்திரை மட்டும் ஒன்றுகூட இருக்காது. இதை முதல்வரிடம் சொன்னேன். அழுக்குப் புத்தகத்தைக் காட்டி மானத்தை வாங்கப் பார்க்கிறேனா என்று கேட்டார்.

பழைய பேப்பர் கடை ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். முழுசாகப் போனால் வெளியே விற்றுவிடுவார்கள் என்று, கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்பது முதல்வர் உத்தரவு. புத்தகத்தைக் காலால் மிதித்துக்கொண்டு, கத்தியால் அதன் முதுகைக் கீறி, இரண்டு கையாலும் பிளந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து நேராக வந்தான் ஒரு மாணவன். பரீட்சைக்கு அவன் நம்பியிருந்த ஒரே புத்தகம் கத்திக்குக் கீழே கிடந்தது.

"அத விட்டுருங்கண்ணா. நான் படிக்கிற புக்கு."

கத்தி வைத்திருந்த ஆள் சிரித்துக்கொண்டே கீறினார். மாணவன் அவர் மூக்கில் ஒரு குத்து விட்டான். இருவரும் கட்டிப் புரண்டதில் அலமாரிக் கண்ணாடி நொறுங்கியது. மாணவன் கத்தியை வெறுங்கையால் பிடித்துவிட்டான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் தாள்களில் சொட்டியது. நான் தடித்த அகராதி ஒன்றை எடுத்து, அந்தக் கடை ஆளின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். கத்தி விழுந்த பிறகும் ஒரு முறை அடித்தேன். அது தேவையே இல்லை, ஆனாலும் மனசு ஆறியது.

என்னை ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். அவன் பரீட்சை எழுதலாம், ஆனால் அதுவரை கல்லூரிக்குள் கால் வைக்கக் கூடாது.

கிழிந்த புத்தகத்தைத் தைத்து ஒட்டி, அதன் முதல் தேதி முத்திரையைக் குத்தி, அவனைக் கல்லூரி கேட்டுக்கு வரச்சொல்லிக் கொடுத்தேன். கட்டுப்போட்ட கையால் வாங்கிப் புரட்டியவன் என்னிடமே நீட்டினான்.

"ரூம்ல எங்க மேடம் வெப்பேன்? நான் எந்திரிச்சா என் பாயில வேற ஆள் படுப்பாங்க. நீங்களே உள்ள வெச்சிருங்க."

உள்ளே, நாங்கள் கழித்து முடித்த அலமாரிகள் காலியாகக் கிடந்தன.