தொண்ணூற்று ஒன்று என்று எழுதினேன்

அறுபதுகளின் நடுவில், பம்பாயில் ஒரு மழைக்காலத்தில் நடந்தது இது. அப்போது நான் மாட்டுங்காவிலிருந்து தினமும் பஸ் பிடித்து செம்பூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஆபீசில் டைப்பிஸ்ட். வயது இருபத்து மூன்று. சம்பாதிக்கிற பெண் என்ற கர்வம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

எங்கள் தொழிலாளர்களில் பாதிப் பேர் தாராவியில் குடியிருந்த திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். சயான் வழியாக, லாரிகளுக்கு நடுவே சைக்கிள் மிதித்து வருவார்கள். முந்தைய வருஷம் அந்த வழியில் இரண்டு பேர் அடிபட்டதும் மானேஜருக்கு ஒரு யோசனை வந்தது. கேட் பக்கத்தில் ஒரு கரும்பலகையை மாட்டினார். ரோட்டில் யாருக்கும் அடிபடாமல் எத்தனை நாள் கழிந்தது என்று தினமும் அதில் எழுத வேண்டும். நூறு நாளைத் தொட்டால் ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்கு. நடுவில் யாராவது ஒருவர் அடிபட்டாலும் போச்சு, எல்லோருக்குமாகக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும்.

பலகையில் எழுதும் வேலை எனக்கு. ஆபீசில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், ‘இடது பக்கமாகச் செல்லவும்’, ‘லாரியை முந்தாதீர்’ என்று அட்டைகளும் எழுதி ஒட்டினேன். “எழுத்து முத்து முத்தா இருக்கும்மா. என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார் ஒருவர். எனக்கு அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அந்தக் காலத்தில் எவர்சில்வர் என்றால் சும்மாவா? அலுமினியத்தில் பொங்கித் தின்கிற வீடுகளில் ஒரு எவர்சில்வர் பாத்திரம் இருந்தால் அதைத் துடைத்துத் துடைத்து வைப்பார்கள். தொண்ணூறு நெருங்கியதும், தூக்கில் யார் பெயரை வெட்டுவது என்று பட்டியல் எடுக்கச் சொன்னார் மானேஜர். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராக வந்து வெட்கத்தோடு பெண்டாட்டி பெயரைச் சொன்னார்கள். லேத்தில் வேலை பார்த்த ஒருவர் மட்டும் தன் மகள் பெயரைச் சொன்னார். அவளுக்குப் பதினோரு வயசு. “இப்பவே வெட்டி வச்சுட்டா அவ கல்யாணத்துக்கு ஆகும்லா,” என்று சிரித்தார்.

தொண்ணூற்று ஓராம் நாள் காலை நல்ல மழை. ஒரு கையில் குடையும் மறு கையில் சாக்பீஸுமாகக் கேட்டில் நின்றேன். எட்டு மணிச் சங்கு ஊதப் போகிற நேரத்தில் அந்த லேத்துக்காரர் நடந்து வந்தார். தினமும் சைக்கிளில் வருகிறவர். தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். ஒரு பக்கம் முழங்காலிலிருந்து தோள்வரை சேறு. காதுக்கு மேலே துண்டில் சிவப்பாக ஒரு கறை.

நான் அதைப் பார்த்தேன். இந்தக் கதையில் மற்றதெல்லாம் அப்புறம்தான். நான் பார்த்தேன்.

“ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டேன். என்ன பதில் வேண்டும் என்பதைக் கேள்வியிலேயே வைத்துவிட்டேன்.

அவர் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “ஒண்ணுமில்லம்மா. சைக்கிள் பஞ்சராயிட்டு. கடையில போட்டுட்டு நடந்து வாரேன்.”

தொண்ணூறை அழித்துவிட்டுத் தொண்ணூற்று ஒன்று என்று எழுதினேன். பலகை ஈரமாக இருந்ததால் இரண்டு தடவை அழுத்தி எழுத வேண்டியிருந்தது.

மேஜைக்கு வந்து உட்கார்ந்தேனே தவிர, வேலை ஓடவில்லை. ஒரே கடிதத்தை மூன்று முறை அடித்தேன். அது வெற்றிலைக் கறையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். வெற்றிலைக் கறை தலையில் எப்படி வரும் என்று மனசு கேட்டது. பஸ் வாரியடித்த சேறு, மழைக்குக் கட்டிய துண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம். ஒருமுறை எழுந்து மாடிப்படி வரைக்கும் போனேன். கீழே போய் மேஸ்திரியிடம் என்னவென்று சொல்வது? உண்மையிலேயே அவர் விழுந்திருந்தால் இன்றைக்கே நான் பூஜ்யம் போட வேண்டும். அத்தனை பேர் சாபத்தையும் வாங்க வேண்டும். திரும்பி வந்து உட்கார்ந்தேன். 

பதினோரு மணிக்கு லேத்துக்காரருடைய சிநேகிதர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். தொழிலாளிகள் மாடி ஏறி வரும் வழக்கமே கிடையாது.

“அம்மா, லேத்துக்காரன் ஒரு மாதிரியா இருக்கான். ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டான். கூப்பிட்டா முழிக்கான், பேச மாட்டேங்கான்.”

“கார்த்தால விழுந்தாரா?”

அவர் தரையைப் பார்த்தார். “சயான் பக்கம் லாரி தட்டிட்டு. தலை கல்லுல மோதிட்டு. நான்தான் தூக்கி விட்டேன். ஆபீசுல சொல்லுவோம்னேன். என் ஒருத்தனால எல்லார் வீட்டுக்கும் இல்லாம போயிரும், வாய மூடுன்னுட்டான்.” அதோடு நிற்கவில்லை. அந்த நிலையிலும் கையைக் கூப்பினார். “வீட்டுல வழுக்கி விழுந்தான்னு எழுதிக்கிடுங்கம்மா.”

எனக்குக் கோபம் பொங்கியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. படிகளில் ஓடினேன்.

மானேஜர் காரை எடுத்துக்கொண்டு நகரத்துக்குள் கோட்டைப் பகுதிக்குப் போயிருந்தார். கேட்டில் சரக்கு இறக்கிவிட்டு ஒரு லாரி நின்றது. டிரைவரிடம் கெஞ்சி முன்சீட்டில் ஏறினோம். சிநேகிதர் மடியில் லேத்துக்காரர் தலை, என் மடியில் கால்கள். ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாக விரிந்திருந்தது. சீக்கிரம் போங்கள் என்று கத்தினேன். பள்ளம் வந்தபோது மெதுவாக, மெதுவாக என்று கத்தினேன். “ரெண்டில் ஒன்று சொல்லம்மா,” என்றார் டிரைவர் இந்தியில். காலையில் லேத்துக்காரரைத் தட்டியதும் இப்படி ஒரு லாரிதானே என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளவயது டாக்டர் அவர் கண்ணில் விளக்கை அடித்துப் பார்த்தார். எப்போது, எப்படி விழுந்தார் என்று கேட்டார். சிநேகிதர் முந்திக்கொண்டு, நேற்று வீட்டில் விழுந்தார் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிவிட்டார். பலகை அவரை அங்கேயும் விடவில்லை. நான் இங்கிலீஷில் குறுக்கிட்டேன். நேற்று இல்லை, இன்று காலை, எட்டு மணிக்கு முன்னால், லாரி தட்டியது என்றேன்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார் டாக்டர். கேட்டில் பார்த்தேன் என்றேன். பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள் என்றார். வேலைக்கு அனுப்பினேன் என்றேன். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

“டாக்டர் என்னம்மா சொல்லுதாரு?” என்று கேட்டார் சிநேகிதர்.

“ஆபரேஷன் பண்ணணுமாம்,” என்றேன். மீதியைச் சொல்லவில்லை.

செய்தி கேட்டு, தாராவியிலிருந்து லேத்துக்காரர் மனைவியும் மகளும் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெண் பள்ளிக்கூட உடையிலேயே வந்திருந்தாள். மனைவி என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் தெரிந்த தெய்வங்களையெல்லாம் வேண்டிக்கொண்டேன். அவர் பிழைக்க வேண்டுமென்று வேண்டினேனா, நான் கொலைகாரி ஆகாமல் தப்ப வேண்டுமென்று வேண்டினேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சாயங்காலம் டாக்டர் வந்தார். மூளைக்கு மேலே கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தாகிவிட்டது, பிழைத்துக்கொள்வார் என்று எல்லோருக்கும் புரிகிற மாதிரி இந்தியில் சொன்னார். இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் கொண்டுவந்தும் பிரயோசனமில்லை என்றார். அவ்வளவுதான், மனைவி சடாரென்று என் காலில் விழுந்துவிட்டார். “எந்தாயி, நீங்க கொண்டாந்து சேக்கலேன்னா எங்க கதி என்ன!”

அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறக்கவில்லை. டாக்டர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்குப் போனதும் அம்மா, “ஏண்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?” என்றாள். அவளிடமும் சொல்லவில்லை. மறுநாள் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, ராஜினாமாவும் வைத்து மானேஜரிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். ராஜினாமாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மழையில் இறங்கிப் போய்ப் பலகையைத் தன் கையாலேயே கழற்றினார். அதன்பிறகு காலையில் கேட்டில் நின்று, இன்றைக்கு யார் எங்கே விழப் பார்த்தீர்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது: வளைவில் கொட்டிக் கிடக்கிற எண்ணெய், மூடி இல்லாத சாக்கடை, எட்டு மணிக்குள் போய்ச் சேர லாரிகள் பறக்கிற பறப்பு. அதைக் கேட்டுத்தான் மானேஜர் சங்கையே அரைமணி தள்ளி வைத்தார்.

லேத்துக்காரர் நாலு மாதம் கழித்து வந்தார். இடது கை கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்தது. ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். அன்று காலையைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஆனால் அவர் மனைவி விடவில்லை. தீபாவளி தவறாமல் முந்திரிக்கொத்து வரும். மகள் கல்யாணத்தில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, “இவங்கதான் என் தாலியைக் காப்பாத்துன அம்மா,” என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

லேத்துக்காரர் உயிரைக் காப்பாற்றியது அந்த டாக்டர். அதில் என் பங்கு எட்டு மணியிலிருந்து பதினோரு மணிவரை ஆன தாமதம் மட்டும்தான் என்பதை அந்த அம்மாவிடம் சொல்ல இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை. சொல்லாத வரைக்கும் அந்த மூன்று மணி நேரம் எனக்கு முடியப் போவதும் இல்லை.