என்னிடமிருந்து தம்பிக்குப் போனது

தீபாவளி முடிந்து தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது நாங்கள் எல்லோரும் புகையைத்தான் குற்றம் சொன்னோம். டெல்லியில் அந்த மாதம் யாருக்குத்தான் தொண்டை கரகரக்கவில்லை, யாருக்குத்தான் கண் எரியவில்லை? அதே ஊரின் துவாரகா பகுதியில் எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் எதிர் பிளாக்கே சாம்பல் பூசினாற்போலத்தான் தெரியும். வலது கண்ணில் கொசு பறப்பதுபோல ஏதோ ஓடுகிறது என்று அவன் சொன்னபோதுகூட, "ஏல, கண்ணைக் கசக்காத, தண்ணி விட்டுக் கழுவு" என்றேன்.

தம்பி ஒரு செய்திச் சேனலில் கேமராமேன். அவனுடைய இரண்டு கிட்னியும் செயலிழந்து, டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருந்தவனுக்கு, அந்த வருஷம் ஹோலி முடிந்த கையோடு என் இடது கிட்னியை எடுத்து வைத்திருந்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வேறொருவர் உறுப்பை அவன் உடம்பு தாக்காமலிருக்க, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு. கூடவே, முதல் சில மாதங்களுக்கு ஒரு வைரஸ் தடுப்பு மாத்திரை. அதை நவராத்திரி வாக்கில் நிறுத்தினார்கள். ஒரு மாத்திரை குறைந்ததற்காக வீட்டில் கேசரி கிண்டினோம்.

காய்ச்சல் விடவில்லை. வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிட்னி டாக்டர் ஒரு பஞ்சாபி அம்மா; ஹிந்தியில் நிதானமாகப் பேசுவார். தம்பியின் கட்டிலருகில் நின்று, "சி.எம்.வி. வந்திருக்கு. சைட்டோமெகலோ வைரஸ். டோனர்கிட்டேயிருந்து போனதுதான்" என்றார்.

அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். தம்பி, தம்பி மனைவி, நான். டோனர் என்றால் நான்தான் என்பது மனசில் உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"எனக்கு ஒண்ணுமே இல்லியே டாக்டர். ஒரு காய்ச்சல்கூட கிடையாதே."

"உங்களுக்கு ஒண்ணும் வராது. சின்ன வயசிலேயே வந்து, உங்க உடம்பு அதை அடக்கி வெச்சிருக்கு. நம்ம நாட்டுல பெரும்பாலானவங்களுக்கு இது இருக்கும். எனக்கும் இருக்கும். இவருக்கு இல்லாமப்போனதுதான் ஆச்சரியம்."

நாங்கள் இருவரும் ஒரே வீட்டில், ஒரே அம்மாவிடம் வளர்ந்தவர்கள். ஒரு தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். நான் கடித்துப் பாதி கொடுத்த கொய்யாவை அவன் தின்றிருக்கிறான். எச்சிலில் பரவும் என்கிறார்கள். அப்போதெல்லாம் போகாதது இப்போது எப்படிப் போயிற்று? டாக்டரிடம் கேட்டேன். "சில பேருக்கு அப்படித் தப்பிப்போயிடும்" என்றார்.

தம்பி மட்டும் சிரித்தான். "கிட்னி கேட்டேன். கூட ஒண்ணு இலவசமாக் குடுத்திருக்கா."

வெளியே வந்ததும் தம்பி மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். டெல்லி கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழில் பாதி ஹிந்தி.

"அக்கா, ஏக் மினிட். ஆப்பரேஷனுக்கு முன்னாடியே இதைச் சொன்னாங்க இல்ல? உங்களுக்கு பாசிட்டிவ், இவருக்கு நெகட்டிவ்னு?"

"சொன்னாங்க."

"அப்ப நமக்குத் தெரியும்தானே? தெரிஞ்சுதானே பண்ணினோம்?"

அவள் குரலில் கோபம் இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவளும் என்னைப் போலத்தான் தடுமாறிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். டாக்டர் அன்றே எல்லாம் சொன்னார். இப்படி ஒன்று இருக்கிறது, மாத்திரை கொடுத்துத் தடுப்போம், பிறகு கவனித்துக்கொண்டே இருப்போம் என்றார். நாங்களும் "அச்சா, அச்சா" என்று தலையாட்டினோம். அன்று எங்கள் காதில் விழுந்ததெல்லாம் கிட்னி பொருந்துகிறது என்ற ஒன்றுதான். அது தெரிந்த கணக்கா, தெரியாத கணக்கா?

மறுநாள் டாக்டரைத் தனியாகப் பிடித்தேன். என் கேள்வி ரொம்ப எளிமையானது என்றுதான் நினைத்துப் போனேன்.

"இத்தனை வருஷமா என் உடம்பு அதைக் கண்டுபிடிக்கவே இல்லியா?"

"நல்லாவே கண்டுபிடிச்சிருக்கு. உங்க ரத்தத்துல இதை எதிர்க்கன்னே ஒரு பெரிய படை இருக்கு. மத்த எந்தக் கிருமிக்கும் உடம்பு இவ்வளவு பேரை ஒதுக்கி வெக்கிறது அபூர்வம்."

"பின்ன ஏன் இன்னும் இருக்கு?"

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என்னை உட்காரச் சொன்னார். நம் செல் ஒவ்வொன்றும், தனக்குள்ளே என்னென்ன புரதம் தயாராகிறதோ அதில் துளித்துளி எடுத்துத் தன் மேற்பரப்பில் வைத்துக் காட்டுமாம். ரத்தத்தில் சுற்றும் காவல் அணுக்கள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே போகும். அந்நியமாக எதுவும் தட்டுப்பட்டால் அந்தச் செல்லையே கொன்றுவிடும். இந்த வைரஸ் என்ன செய்கிறது என்றால், அந்தத் துளிகளை ஏந்திக்கொண்டு மேலே போகிற தாங்கிகளை வழியிலேயே மடக்கி அழித்துவிடுகிறது. வெளியே எதுவும் தெரியாது.

"எதுவுமே காட்டலேன்னா அதுவே சந்தேகம்தானே?" என்றேன்.

"சரியாக் கேட்டீங்க. அதுக்குன்னு வேற ஒரு காவல் இருக்கு. எதையும் காட்டாத செல்லைக் கொல்றது அதோட வேலை. அதுக்கும் இந்த வைரஸ் ஒரு வழி வெச்சிருக்கு. நம்ம தாங்கி மாதிரியே ஒரு போலி செஞ்சு வெளியே நிறுத்திடும். காவல் அணு அதைப் பார்த்துட்டு, சரி, எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு போயிடும்."

இவ்வளவும் அது விழித்திருக்கும்போது. பெரும்பாலும் அது எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் அணுக்களுக்குள் ஏறக்குறைய ஒன்றும் செய்யாமல் தூங்கும். ஒன்றும் தயாரிக்காதபோது காட்டிக்கொடுக்கவும் ஒன்றும் இல்லை. அவ்வப்போது அது தலைதூக்கும், என் படை அடிக்கும், மறுபடி படுத்துவிடும். அப்படிப் படுத்திருந்தது கிட்னிக்குள் இருந்த அணுக்களோடு தம்பிக்குப் போயிருக்கிறது. அங்கே அதை அடிக்கத் தெரிந்த படையே கிடையாது. இருக்கிற காவலையும் மாத்திரை கொடுத்து நாங்களே பாதி தூங்கவைத்திருந்தோம்.

"எனக்கும் அந்த மருந்தைக் குடுத்து அதை முழுசா கொன்னுட முடியாதா?"

"மருந்து அது பெருகுறதைத்தான் நிறுத்தும். தூங்குறதைத் தொடாது. அதோட இனி உங்களைச் சுத்தம் பண்ணி அவருக்கு என்ன பிரயோஜனம்?"

இது புரிந்ததுபோலத்தான் இருந்தது. தம்பி மனைவிக்குச் சொல்ல உட்கார்ந்தபோதுதான் கலைந்துவிட்டது. காட்டாமல் ஒளிகிறது என்றேன், பிறகு போலியைக் காட்டுகிறது என்றேன். "காட்டுதா, காட்டலியா?" என்றாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதைவிடக் குழப்பம் சிகிச்சையில். வைரஸை அடக்க அவன் எதிர்ப்பு சக்தி கூட வேண்டும். அதற்காக அந்த ஆயுசு மாத்திரையைக் குறைத்தார்கள். குறைத்தால் அதே சக்தி என் கிட்னியைத் தாக்கலாம். நரம்பில் ஏற்றிய வைரஸ் மருந்தோ வெள்ளை அணுக்களைக் குறைக்கும். வைரஸும் அதைத்தான் குறைத்திருந்தது. எண்ணிக்கை இறங்கினால் நோய் முற்றுகிறதா, மருந்து வேலை செய்கிறதா? தினமும் ரத்தம் எடுத்தார்கள். தினமும் நான் ரிசல்ட் கேட்டேன். கேட்டபிறகு சந்தோஷப்படுவதா கவலைப்படுவதா என்று நர்ஸின் முகத்தைப் பார்த்தேன். கிட்னி பிழைக்கட்டும் என்று வேண்டினால், அதனுள்ளே இருப்பதும் சேர்ந்து பிழைக்கட்டும் என்று வேண்டுவதுபோல இருந்தது.

அதற்குள் கண் மோசமாகிவிட்டது. கொசு பறப்பது போய், வலது கண்ணின் கீழ்ப்பக்கம் ஒரு நிழல் வந்து தங்கிவிட்டது. கண் டாக்டர் கண்பாப்பாவை விரித்துப் பார்த்து, வைரஸ் விழித்திரையைத் தின்றுகொண்டிருக்கிறது என்றார். கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும். தம்பி அதுவரை எதற்கும் கலங்காதவன். கேமரா பார்க்கிற கண் அது.

"யக்கா, கண்ணு போயிருமா?"

"போகாதுல."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவன் காலைப் பிடித்துக்கொண்டேன்.

ஊசிகள் முடிந்து, காய்ச்சல் விட்டு, டெல்லிக் குளிர் நன்றாகப் பிடித்த சமயத்தில் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். என் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே ஒரு பூங்காதான். ஆனாலும் நான் அதிகம் போகவில்லை. போனாலும் மாஸ்க்கோடு கதவருகே நின்றேன். எனக்கென்று ஒரு தம்ளரைப் பையில் போட்டுக்கொண்டு போவேன். என் பேச்சிலிருந்து, மூச்சிலிருந்து இன்னும் கொஞ்சம் அவனுக்குப் போய்விடுமோ என்று பயம். அது முட்டாள்தனம் என்று எனக்கே ஒரு பக்கம் தெரிந்திருந்தது.

ஒரு மத்தியானம் அவன் அதைக் கவனித்துவிட்டான். "என்னக்கா, சொந்த தம்ளரோட வந்திருக்க?"

"இல்லல, ஒனக்கு..."

எழுந்து வந்து என் கையிலிருந்த டீயைப் பிடுங்கி ஒரு மடக்கு குடித்தான். தம்பி மனைவி சமையலறையிலிருந்து, "அரே, பாகல் ஹோ க்யா, பைத்தியமா! யார் எச்சிலும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள்.

"இவ கிட்னியே எனக்குள்ள கெடக்கு. இவ எச்சிலுக்குப் பயப்படணுமாக்கும்."

அவள் தம்ளரைப் பிடுங்கி அவனைத் திட்டினாள். பிறகு என்னையும் திட்டினாள். தள்ளி நிற்பதற்காக, வராமலே இருந்ததற்காக, அவள் ஒருத்தியே எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருந்ததற்காக. ஹிந்தியில் ஆரம்பித்தது எப்போது தமிழுக்கு வந்தது என்று தெரியவில்லை. கடைசியில், "நீங்க குடுக்கலேன்னா இவர் டயாலிசிஸ்லயே இருந்திருப்பார். நான் அன்னிக்குக் கேட்டது உங்களை இல்ல அக்கா. எனக்கு யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல" என்றாள். நான் உட்கார்ந்தேன். வேறு டீ போட்டுக் கொடுத்தாள், அவர்கள் வீட்டுத் தம்ளரில்.

வைரஸ் எண்ணிக்கை மெல்ல இறங்கியது. மருந்தை நிறுத்தியதும் ஒருமுறை கொஞ்சம் ஏறிப் பயமுறுத்திவிட்டு, தானாகவே அடங்கியது. டாக்டருக்கு அதில்தான் சந்தோஷம். "அவர் உடம்பு இப்ப இதை அடிக்கக் கத்துக்கிட்டிருக்கு" என்றார்.

"அப்ப போயிடுச்சா?"

"போகாது. உங்களுக்கு இருக்கிற மாதிரி அவருக்கும் இருக்கும். தூங்கும். நாம பார்த்துக்கிட்டே இருக்கணும்."

கிட்னி தாக்குப்பிடித்தது. வலது கண்ணில் கீழ் ஓரப் பார்வை மட்டும் திரும்பி வரவில்லை. படி இறங்கும்போது தடவி இறங்குகிறான். ஆபீஸில் எடிட்டிங் வேலைக்கு மாறச் சொன்னார்கள், மறுத்துவிட்டான்.

புகையெல்லாம் விலகி வெயில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேமராவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனான். இடது கண்ணால் பார்த்துப் படம் பிடிக்கப் பழக வேண்டுமாம். கேமரா உட்காருவது வலது தோளில். இடது கண்ணைக் கொண்டுவரக் கழுத்தை வளைத்து, மூக்கை இடித்து, திட்டிக்கொண்டே நின்றான். நான் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தப்பட்டிருந்தேன்.

"கொஞ்சம் இடது பக்கம் தள்ளு."

தள்ளினேன்.

"அந்தப் பக்கம் இல்லக்கா, இடது."

"ஏல, ஒனக்கு இடதா, எனக்கு இடதா?"

கேமராவிலிருந்து கண்ணை எடுத்து என்னை ஒரு தடவை பார்த்தான். "இரு, எனக்கே சரியாத் தெரியல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தான்.